சொன்னதில் பாதி

யார் எத்தனை நாள் கேட்டாலும் அதில் பாதியைத்தான் போடுவாள் அட்டவணை அக்கா. பத்து என்றால் ஐந்து. எட்டு என்றால் நான்கு. மூன்று என்றால் ஒன்றரை வருமல்லவா, அதை இரண்டாக்கிப் போட்டுவிட்டு, அரை நாளைத் தானம் கொடுத்ததுபோல் ஒரு பார்வை பார்ப்பாள். அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அடையாள அட்டையில் அச்சடித்தும் இருந்தது. யாருக்கு வேண்டும் அது? ஏழு குழு, எண்பத்து மூன்று பேர், அத்தனை பேருடைய நாட்களும் அவளுடைய கம்ப்யூட்டரில் கட்டங்கட்டமாக அடைந்து கிடந்தன. அட்டவணை அக்கா என்றால்தான் எல்லாருக்கும் தெரியும்.

அது ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் செய்து கொடுக்கிற நிறுவனம். ஒரு குழு திரைகளை வரையும், இன்னொன்று மருந்துச் சீட்டுப் பகுதியை எழுதும், வேறொன்று எல்லாவற்றையும் சோதித்துக் குற்றம் கண்டுபிடித்துச் சந்தோஷப்படும். முன்னால் இருப்பவர் முடித்தால்தான் பின்னால் இருப்பவர் தொடங்க முடியும். நடுவில் ஒருவர் சறுக்கினால் வரிசையே சறுக்கும். மேலே இயக்குநர் சீக்கிரம் என்பார், கீழே இருப்பவர்கள் முடியவே முடியாது என்பார்கள். ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னால் நொண்டிக்குக் கோபம். அந்த எருதுக்கும் நொண்டிக்கும் நடுவில் பதினாறு வருஷம் நின்றவள் அவள். ஒரு தேதியைக்கூடத் தவறவிட்டதில்லை.

பாதியாக்குகிற பழக்கம் சும்மா வந்துவிடவில்லை. ஆரம்பத்தில் எல்லாரையும் நம்பியவள்தான். பத்து நாள் கேட்ட ஒருவருக்குப் பத்து நாளும் கொடுத்தாள். மனிதர் ஐந்தே நாளில் முடித்துவிட்டு, மீதி ஐந்து நாளும் கம்ப்யூட்டரில் தன் புது வீட்டு ஜன்னலுக்குத் திரைச்சீலை தேடிக்கொண்டிருந்தார். அன்றைக்குப் போட்ட முடிச்சுதான். அவள் பாதியாக்குவாள் என்று தெரிந்து அவர்கள் இரண்டு மடங்காகக் கேட்டார்கள். அவர்கள் அப்படித்தான் கேட்பார்கள் என்று தெரிந்து அவள் பாதியாக்கினாள். நீ அடிக்கிற மாதிரி அடி, நான் அழுகிற மாதிரி அழுகிறேன் என்று இரண்டு தரப்பும் சுகமாகவே இருந்தன. புதிதாகச் சேருகிறவர்களுக்குக் கழிப்பறை எங்கே என்று காட்டுவதற்கு முன்னால் இதைத்தான் சொல்லிக் கொடுப்பார்கள். வீட்டிலும் அவள் அப்படியே ஆகிப்போனாள். கணவர் ஒரு வாரமாகக் கால் வலி என்றால் மூன்றரை நாள் என்றே எடுத்துக்கொள்வாள்.

இந்த ஏற்பாட்டுக்குள் வராத ஒரே ஆள் ‘சரிங்க’. பழைய ஏடுகளிலிருந்தும் பழைய கம்ப்யூட்டர்களிலிருந்தும் நோயாளிகளின் விவரங்களைப் புது மென்பொருளுக்கு மாற்றுகிறவன். யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். ஒரு வரி இடம் மாறினால் ஒரு உயிருக்கு ஆபத்து. ஊசி முனையில் நிற்கிற மாதிரியான வேலை. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு பெரிய நெருக்கடிக்கு நடுவில் வந்து சேர்ந்ததால் யாரும் அவனைக் கேன்டீனுக்கு அழைத்துப்போய் ஊர் வழக்கத்தைச் சொல்லித்தரவில்லை. பிறகு அவன் காதில் விழுந்திருக்கும். விழுந்தும் அவன் மாறவில்லை. சில பேர் வளர்ப்பு அப்படி, என்ன செய்வது. இருபது நாள் ஆகும் வேலைக்கு இருபது நாள் ஆகும் என்பான். பத்து போட்டிருக்கிறேன் என்பாள் அக்கா. “சரிங்கக்கா” என்பான். பத்தாம் நாள் வேலை முடிந்திருக்கும்.

முடிந்துவிடுகிறதல்லவா? அதனால் அக்கா என்ன நினைத்தாள் என்றால், இவனும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைதான், கொஞ்சம் அமைதியான மட்டை, அவ்வளவுதான் என்று நினைத்தாள்.

இந்தத் தடவை வந்தது பெரிய ஆஸ்பத்திரி. இரண்டு மாதத்தில் கொடுத்தாக வேண்டும். அதுவரை யாருக்கும் லீவு கிடையாது என்று அக்காவே தன் கையால் எழுதி, தண்ணீர்க் குடுவைக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிட்டாள். சரிங்க தன் பங்குக்கு நாற்பது நாள் கேட்டான். பெரிய ஆஸ்பத்திரி, நிறைய ஏடுகள், கேட்கத்தான் செய்வான். இருபது போட்டாள். வரும் ஒன்றாம் தேதி ஆரம்பம். வழக்கம்போல் ‘சரிங்கக்கா’ வந்தது.

அதற்கடுத்த சனிக்கிழமை ஆபீஸில் குடும்ப நாள். வருஷத்துக்கு ஒரு முறை எல்லாரும் வீட்டு மனிதர்களை அழைத்து வந்து, இதுதான் என் மேஜை, இதுதான் என் நாற்காலி என்று காட்டுகிற நாள். பலூன் கட்டியிருந்தார்கள், பிஸ்கட்டும் ஜூஸும் வைத்திருந்தார்கள். அக்கா கையில் டீயோடு ஒரு சுற்று வந்தபோது, சரிங்கவின் நாற்காலியில் ஏழு வயதுப் பெண் குழந்தை ஒன்று உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருந்தது. அப்பா எங்கே என்று கேட்டாள்.

“ஜூஸ் எடுக்கப் போயிருக்காரு. ரெண்டு நிமிஷத்துல வர்றேன்னாரு. அப்படின்னா நாலு நிமிஷம்.”

அதெப்படி என்று அக்கா கேட்டாள். குழந்தை நாற்காலியை நிறுத்திவிட்டு, ஒன்றும் தெரியாதவர்களுக்குப் பாடம் சொல்கிற குரலில் சொன்னது. “எங்க அப்பா சொல்றதை ரெண்டால பெருக்கணும். ஒரு மணி நேரம்னா ரெண்டு மணி நேரம். ரெண்டு நாள்னா நாலு நாள். அப்பதான் சரியா வரும்.”

அக்கா சிரித்தாள். பலே ஆள் நீ என்று கன்னத்தைத் தட்டினாள். அந்தச் சமயம் பக்கத்தில் வந்து நின்றவள் குழந்தையின் அம்மா. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். சின்ன உருவம், சோர்ந்த முகம். நீங்கள்தான் நாள் போடுகிறவரா என்று கேட்டாள். ஆமாம் என்றாள் அக்கா. வந்தவள் சண்டைக்கு வந்தவள் இல்லை, பேசலாமா வேண்டாமா என்று யோசித்தாள். பிறகு குழந்தையைப் பலூன் பார்க்க அனுப்பிவிட்டுச் சொன்னாள்.

இந்த வாரம் நெருக்கடி, அடுத்த வாரம் ஏழு மணிக்கு வீட்டில் இருப்பேன் என்பானாம். அவன் போட்ட கணக்குப்படி அது உண்மைதான். ஆனால் ஆபீஸில் வேறு கணக்காகிவிடும். குழந்தை தூங்கின பிறகு வருவான், எழுந்திருக்கும் முன் போய்விடுவான். போன வருஷம் குழந்தை பள்ளிக்கூடத்துக்கு முதல் நாள் போனபோது, நான்தான் கொண்டுபோய் விடுவேன் என்று சத்தியம் செய்திருந்தான். அன்றைக்குப் பதினைந்தாம் தேதி, ஏதோ ஒன்றைக் கொடுத்தாக வேண்டும் என்று விடியும்போதே கிளம்பிவிட்டான். குழந்தை கேட் பக்கத்தில் நின்று திரும்பித் திரும்பிப் பார்த்ததாம். அன்றைக்குச் சாயங்காலம்தான் அவள் குழந்தைக்குப் பெருக்கல் சொல்லிக் கொடுத்தாள். ஏமாறாமல் இருக்கட்டும் என்று.

“வர்ற பன்னிரண்டாம் தேதி எனக்கு ஆபரேஷன். கர்ப்பப்பைல கட்டி. பயப்பட ஒண்ணுமில்லைன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஆஸ்பத்திரில இருக்கற அஞ்சு நாளும் கூடவே இருப்பேன்னு இவர் சொல்லியிருக்காரு. நான் எதுக்கும் இருக்கட்டும்னு என் கூடப் பொறந்த அக்காவை வரச் சொல்லிட்டேன்.” அக்கா கையிலிருந்த டீ கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அவர் பொய் சொல்றவர் இல்லீங்க. ஆனா அவர் சொல்ற எதுவும் எங்க வீட்டுக்கு வந்து சேர்றப்ப சொன்ன மாதிரி இருக்கறதில்லை.”

அதற்குள் அவன் மூன்று ஜூஸ் கோப்பைகளைத் தாங்கிக்கொண்டு வந்துவிட்டான். நாலு நிமிஷம் ஆகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூராவும் அக்காவுக்கு எதுவும் ஓடவில்லை. சுவரில் தான் ஒட்டிய காகிதமே கண்முன் நின்றது. திங்கட்கிழமை போனதும் முதல் வேலையாகத் தன் அட்டவணையைத் திறந்தாள். யார் எவ்வளவு கேட்டார், தான் எவ்வளவு போட்டாள், எவ்வளவில் முடிந்தது என்று மூன்று வரிசையும் அதில் உண்டு. நாலாவது வரிசை ஒன்று இருந்திருக்க வேண்டும், அதை அவள் போட்டதே இல்லை. அந்த நாட்களில் ஒவ்வொரு நாளும் எத்தனை மணி நேரம்? வாசல் கதவில் அட்டை தேய்த்த நேரத்தைக் காவல் அறையிலிருந்து வாங்கினாள். அவன் வீட்டிலிருந்து வேலை அனுப்பிய நேரங்களை எடுத்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கூட்டினாள்.

முதல் வேலை: கேட்டது இருபது நாள், நாளுக்கு எட்டு மணி வைத்தால் நூற்றறுபது மணி நேரம். பத்து நாளில் முடித்திருந்தான். மொத்தம் நூற்று அறுபத்தொரு மணி நேரம். இரண்டாவது: கேட்டது தொண்ணூற்றாறு, ஆனது தொண்ணூற்றைந்து. மூன்றாவதும் அப்படியே. மூன்று வருஷத்தில் பதினொரு வேலை. பதினொன்றிலும் அவன் சொன்னதுதான் ஆகியிருந்தது, ஒரு மணி இரண்டு மணி முன்பின். எண்பத்து மூன்று பேரில் வாயைத் திறந்தால் உண்மை வருகிற ஒரே மனிதன், அவனைத்தான் அவள் பதினொரு தடவை வெட்டியிருந்தாள். மொத்தம் நூற்றுப் பதினெட்டு நாள். அத்தனையும் அந்த வீட்டிலிருந்து எடுத்தது. அடிப்பாவி என்று தன்னையே வைதுகொண்டாள்.

அப்படியானால் இந்த நாற்பதும் உண்மையான நாற்பது. அதில் அவள் இருபது போட்டிருக்கிறாள். நடுவில் பன்னிரண்டாம் தேதி வருகிறது. பாவி மகன் எங்கே போய் நிற்பான்? ஆபரேஷன் அறை வாசலில் நிற்க மாட்டான், அது மட்டும் நிச்சயம்.

இயக்குநர் அறைக்குப் போகிற அந்த நாற்பதடி தூரத்தைப் பதினாறு வருஷத்தில் எத்தனையோ தடவை நடந்திருக்கிறாள். தேதியைத் தள்ள வேண்டும் என்று கேட்கப் போவது இதுதான் முதல் தடவை. ஒரு தேதியும் தவறாதவள் என்ற பேர் போகும். போகட்டும் என்று கதவைத் தட்டினாள். இயக்குநர் நல்ல மனிதர், எப்போதும் பெப்பர்மின்ட் ஒன்றை வாயில் ஒதுக்கிக்கொண்டிருப்பார். எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள். தப்பு என்னுடையது, இன்னும் ஒரு மாதம் வேண்டும் என்றாள்.

அவர் கோபப்படவில்லை. பெப்பர்மின்டை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். “இதுக்கா இப்படி வேர்த்துப் போய் நிக்கறீங்க? ஆஸ்பத்திரிக்கு நான் சொன்ன தேதியே ஒரு மாசம் தள்ளித்தான். நீங்க கொடுக்கற தேதி மேல எப்பவும் ஒரு மாசம் போட்டுத்தான் வெளியில சொல்வேன்.”

அக்காவுக்குச் சட்டென்று புரியவில்லை. எப்பவுமா என்று கேட்டாள். எப்பவும்தான் என்றார். யாரை நம்ப முடிகிறது, ஒரு பாதுகாப்பு வேண்டாமா என்றார். அவள் தேதியில் அவருக்கு எப்போதும் ஒரு சந்தேகமாம்.

“போன வருஷம் பதினஞ்சாம் தேதி முடிச்சுக் கொடுத்தோமே சார். அது?”

“அதுவா. அது ஒரு மாசம் சும்மாதான் கிடந்துச்சு.”

வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். தேதி கிடைத்துவிட்டது, சந்தோஷப்பட வேண்டியதுதானே? முடியவில்லை. அவர் மேல் கோபம் வந்தது, அது அரை நிமிஷம்கூட நிற்கவில்லை. அவர் செய்ததும் அவள் செய்ததும் ஒன்றுதானே. ஒரு குழந்தை கேட்டில் நின்று திரும்பித் திரும்பிப் பார்த்தது யாருக்குமே வேண்டாத ஒரு பதினைந்தாம் தேதிக்காக என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. படியேறி வந்தவர்கள் கண்ணில் தூசி போலிருக்கிறது என்று விலகிப் போனார்கள்.

முகத்தைக் கழுவிக்கொண்டு நேரே சரிங்கவின் மேஜைக்குப் போனாள். நாற்பது கேட்டாய், நாற்பதும் போட்டிருக்கிறேன், பன்னிரண்டாம் தேதியிலிருந்து லீவும் போட்டுக்கொள் என்றாள். அவன் விழித்தான். “சரிங்கக்கா” என்றான், ஆனால் அந்தச் சரிங்க வழக்கம்போல் இல்லை.

டீ நேரம் முடிந்ததும் அவள் மேஜை முன்னால் வந்து நின்றான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“அக்கா, நாப்பது பொய்.”

“என்னது?”

“பதினஞ்சு நாள் வேலைதான். ஆஸ்பத்திரில அஞ்சு நாள். மொத்தம் இருபது. லீவு கிடையாதுன்னு சுவத்துல போட்டிருந்துச்சு. நீங்க எப்படியும் பாதிதான் போடுவீங்க, அதான் நாப்பதுன்னு சொன்னேன்.”

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். இந்தப் பிள்ளை வாழ்க்கையில் முதல் பொய்யையும் பைசா சுத்தமாக அளந்து சொல்லியிருந்தான். அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, அதோடு கண்ணிலும் தண்ணீர் வந்தது. அதுதான் நாற்பது கிடைத்துவிட்டதே, வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியதுதானே, எதற்கு வந்து சொல்கிறாய் என்று கேட்டாள்.

“மூணு வருஷம் உண்மையைச் சொன்னேன், நீங்க நம்பல. பரவாயில்லைன்னு இருந்துட்டேன். ஒரே ஒரு தடவை பொய் சொன்னேன், நம்பிட்டீங்க. மனசு கேக்கலக்கா.”

உண்மையைக் கொண்டுவந்து கொடுத்தவனுக்குப் பதிலாக ஓர் உண்மையைக் கொடுக்க வேண்டும், கடினமாக இருந்தாலும் கொடுக்கத்தான் வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. பதினொரு வேலையின் கணக்கையும் காட்டினாள். பதினைந்தாம் தேதி முடித்தது ஒரு மாதம் சும்மா கிடந்ததையும் சொன்னாள். “உன்னை நான் பாதியாவே பார்த்துட்டேன்ப்பா. மன்னிச்சுக்க.”

அவன் சரிங்க என்று சொல்லவில்லை. மூன்று வருஷத்தில் முதல் தடவை. திரையில் இருந்த அந்தத் தேதியையே கொஞ்ச நேரம் பார்த்தான்.

“அன்னைக்கு மழைக்கா. பாப்பா மழைக்கோட்டுல பட்டனை மாத்தி மாத்திப் போட்டுட்டு, அப்பா வந்து சரி பண்ணட்டும்னு அப்படியே நின்னாளாம்.”

அவ்வளவுதான் சொன்னான். பிறகு தன் இடத்துக்குப் போய்விட்டான்.

பிறகு அவள் செய்ய வேண்டியதைச் செய்தாள். தண்ணீர்க் குடுவைப் பக்கத்துக் காகிதத்தைக் கிழித்தாள். அட்டவணையில் அவன் பெயருக்கு நேரே பதினைந்து நாள் வேலை என்று எழுதி, அதன் நடுவே ஐந்து கட்டங்களுக்கு வேறு நிறம் அடித்து, ‘வீட்டில் வேலை’ என்று எல்லாரும் பார்க்கப் போட்டாள். இயக்குநரிடம் போய், பழைய தேதியே போதும், ஆனால் ஆஸ்பத்திரிக்குச் சொன்ன உண்மையான தேதி இனிமேல் எனக்கும் தெரிந்தாக வேண்டும் என்று கறாராகச் சொன்னாள். அவர் பெப்பர்மின்டை விழுங்கிவிட்டார். அந்த வாரம் திரை வரைகிற குழுவில் ஒருவன் ஆறு நாள் கேட்டான். ஆறு போட்டாள். அவன் அரண்டுபோய், உடம்பு சரியில்லையா அக்கா என்று விசாரித்துவிட்டுப் போனான். மறுநாள் வந்து, யோசித்துப் பார்த்தால் மூன்று போதும் என்று முணுமுணுத்தான். எல்லாரும் அப்படி வந்துவிடவில்லை. திரைச்சீலை தேடுகிறவர்கள் தேடிக்கொண்டுதான் இருந்தார்கள். அதற்காக இருக்கிற ஒரு நல்லவனை வெட்ட முடியாது என்று இருந்துவிட்டாள்.

பன்னிரண்டாம் தேதி காலையில் அவள் ஒரு கூட்டத்திலும் ஒழுங்காக உட்காரவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொன்றரைக்கு அவன் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, மனைவி கண் திறந்து தன்னைப் பார்த்துவிட்டு, நீங்களா என்று கேட்டாள் என்றான். பின்னால் ஒரு சின்னக் குரல், நாள் போடுகிற ஆன்ட்டியா, என்னிடம் கொடு என்று இழுத்தது. போன் கை மாறியது.

“ஆன்ட்டி, அப்பா ஆஸ்பத்திரிக்கு ஆறு மணிக்கே வந்துடுவேன்னு சொல்லி ஆறு மணிக்கே வந்துட்டாரு. அஞ்சு நாள் இருப்பேன்னு சொல்றாரு. இப்ப எதால பெருக்கணும்?”

“ஒண்ணால பெருக்கு கண்ணு.”

அந்தப் பக்கம் ஒரு முணுமுணுப்பு கேட்டது. மனக்கணக்கு போட்டிருக்கும்.

“ஒண்ணால பெருக்கினா அதேதானே வரும்?”

“ஆமாம்” என்றாள் அட்டவணை அக்கா. “அதேதான் வரணும்.”